உப்புத் தண்ணீரில் மூழ்கிய உருண்டை

நான் குடிக்கிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன மழைக்காலத்தில் நுவரெலியா டவுனில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் நான் குடிகாரன் ஆகிவிட்டேன் என்று முடிவு கட்டியிருந்தார்கள். என் கால் தரையில் நின்ற லட்சணம் அப்படி. இப்போது யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இதை எழுதுவது என் கை, எழுத்து கோட்டை விட்டு இறங்கவில்லை. நெஞ்சு மட்டும் இன்னும் படபடக்கிறது. அது பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். டொக்டரம்மா இன்னும் கொஞ்சநாள் கடை திறக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன். வீட்டில் துணிக்கு உருண்டை போட்டு வைக்கிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

என் பெயர் யோகராஜா. பிறந்தது வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். பிழைப்பு, நுவரெலியாவில் வாவிக்குப் போகும் ரோட்டோரம் சுவெட்டர் கடை. ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வேனை விட்டு இறங்கியதும் பல் கிட்டிப்போய் நிற்பார்கள். நாங்கள் சிரித்த முகத்தோடு சுவெட்டரை நீட்டுவோம். சீசன் முடிந்தால் மிஞ்சிய சரக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். வாடகை வீட்டின் முன் அறை முழுக்க மூட்டைதான், கூரையைத் தொட ஒரு முழம்தான் பாக்கி. அதற்கு முந்திய வருஷம் பூச்சி அரித்து நல்ல கம்பளிகளெல்லாம் ஓட்டையாகிப் போயின. அந்த வயிற்றெரிச்சலில், இந்த முறை கொழும்புப் புறக்கோட்டையில் பூச்சி உருண்டையைக் கிலோக் கணக்கில் வாங்கிவந்தேன். பெரிய வெள்ளை உருண்டை, மூக்கில் ஏறும் ஒரு இனிப்பு வாசம். ஒரு மூட்டைக்கு ஒரு கைப்பிடி போதும் என்றார் கடைக்காரர். நான் இரண்டு கைப்பிடி போட்டேன். சுவெட்டரில் அந்த வாசம் ஏறியபிறகு வியாபாரமும் கூடியது. வெளிநாட்டுச் சாமான் என்றால் அப்படித்தான் மணக்கும் என்று வாங்குகிறவர்கள் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் என் மனைவி நிரோஷா முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக அலைந்தபிறகு வந்த பிள்ளை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கோ முன் அறை வாசம் பிடிக்கவில்லை. தலை வலிக்கிறது என்றாள், கண் எரிகிறது என்றாள், சோறு இறங்கவில்லை என்றாள். எல்லாம் மசக்கை என்று நான் சிரித்தேன். ஒருநாள் அவள் நடுக்கதவைச் சாத்தி, கதவுக்கு அடியில் பழைய துணியை அடைத்தாள்.

“நீங்க வேணும்னா அந்த மூட்டைக்குள்ளயே படுத்துக்குங்க. எனக்கு அந்த வாசம் ஆகவே ஆகாது. வாறப்போ சட்டைய மாத்திட்டு வாங்க.”

நானும் சரி என்று மூட்டைகளுக்கு நடுவே தரையில் மெத்தை விரித்துக்கொண்டேன். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சரக்கு ஈரம் பிடிக்கக் கூடாது என்று ஜன்னல் விளிம்பில் பேப்பர் ஒட்டி, ஒரு சின்ன ஹீட்டரும் போட்டு வைத்தேன். அந்த வீட்டிலேயே கதகதப்பான, ஈரமில்லாத இடம் அதுதான். அக்கா தோட்டத்திலிருந்து கொண்டுவரும் தேயிலைத்தூள் நமுத்துப் போகாமலிருக்க அதையும் அங்கேதான் வைத்தேன், சுவெட்டர் அலுமாரியின் மேல்தட்டில். வளைகாப்பு முடிந்து நிரோஷா உடப்புசல்லாவையிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகும் நான் உள்ளறைக்குத் திரும்பவில்லை. ராஜா மாதிரி வெதுவெதுப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் தலைவலி வந்தது. பிறகு கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு படியில் வைக்கிற கால் அடுத்த படிக்குப் போயிற்று. மிச்சக் காசு கொடுக்கும்போது விரல் நடுங்கிச் சில்லறை ரோட்டில் உருண்டது. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. பக்கத்துக் கடைக்காரர் என் முகத்துக்கு அருகே வந்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். பொண்டாட்டி ஊருக்குப் போனதும் தண்ணி போட ஆரம்பித்துவிட்டான் என்று வீட்டுக்காரருக்குச் செய்தி போனது. அவர் யார் மூலமோ வட்டகொடைக்குச் சொல்லியனுப்பினார். மறுநாளே என் அக்கா மகேஸ்வரி ரயிலேறி நானுஓயாவில் இறங்கி பஸ் பிடித்து வந்து நின்றாள்.

அக்கா கொழுந்து பறிக்கிறவள். எங்கள் அப்பாவின் குடியால் பட்டதெல்லாம் அவளுக்கு ஞாபகம் உண்டு. வாசலிலேயே என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஊதுடா.”

ஊதினேன். இன்னொரு முறை ஊதச் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த கோபம் இறங்கி அந்த இடத்தில் பயம் வந்தது. “சாராயம் இல்லியே தம்பி. அப்ப என்னாடா இது?” என்றாள். நான் குடிக்கவில்லை என்று தெரிந்து ஒரு ஆள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

நேராக ஆட்டோவில் ஆஸ்பத்திரி. வெளிநோயாளர் வரிசையில் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து உள்ளே போவதற்குள் மத்தியானமாகிவிட்டது. ஒரு இளம் டொக்டரம்மா கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். கோடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கண்ணை மூடி விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். நான் என் கண்ணையே குத்திக்கொண்டேன். உடனே வார்ட்டில் சேர்த்துவிட்டார்கள்.

டொக்டரம்மா சிங்களத்தில் பேசுவார், நான் அக்காவுக்குத் தமிழில் சொல்வேன், குழறும் நாக்கோடு. தலையின் பின்பக்கம் சிறுமூளை என்று ஒன்று இருக்கிறதாம். காலை எவ்வளவு தூரம் நீட்டவேண்டும், கையை எங்கே நிறுத்தவேண்டும் என்று கணக்குப் பார்ப்பது அதன் வேலை. அந்தக் கணக்குத்தான் எனக்குத் தப்பிப்போயிருந்தது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கல்லீரல் கெட்டிருப்பதற்கான அறிகுறி இருந்தது. போச்சுடா என்று நினைத்தேன். தள்ளாட்டம், குழறல், இப்போது ஈரலும். ரவுண்ட் வந்த ஒவ்வொரு டொக்டரும் சிரித்துக்கொண்டே, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார்கள். அக்கா அவர்களிடம் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ஸ்கேனுக்குக் கண்டிக்குக் கூட்டிப்போனார்கள். அந்தக் குழாய்க்குள் படுத்தபோது கேட்ட சத்தம் தேயிலை ஃபெக்டரியில் ரோலர் ஓடுகிற சத்தம்தான், அதனால் பழகியதாகவே இருந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். சுருண்டு படுத்து, நிரோஷாவின் வயிற்றில் கைவைத்து அசைவு பார்த்ததை நினைத்துக்கொண்டேன். வலி பெரிதாகத் தெரியவில்லை. எல்லாம் முடிந்து வந்த பதில், குறிப்பாக எதுவும் தென்படவில்லை என்பதுதான். கட்டியில்லை, கிருமியில்லை.

நல்ல செய்தி என்று நாங்கள் சிரித்தோம். டொக்டரம்மா சிரிக்கவில்லை. காரணம் எதுவும் அகப்படாவிட்டால் சிறுமூளை தானாகத் தேய்ந்துபோகிற வியாதியாக இருக்கலாம், அதற்கு மருந்து கிடையாது, வரவரக் கூடும், பொறுத்திருந்துதான் பார்க்கவேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, பிள்ளை பிறந்தால் நான் தனியாகத் தூக்காமலிருப்பது நல்லது என்றும் சொன்னார். இதை நான் அக்காவுக்குத் தமிழில் சொல்லவில்லை. பல வருஷம் காத்திருந்த பிள்ளை. அதைத் தூக்கக் கூடாத கை எனக்கு எதற்கு என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என் வீட்டு உள்ளறையில் தங்கி, காலையும் மாலையும் வந்துபோனாள். வார்ட்டில் குளிர் எலும்பைத் துளைக்கும். தம்பிக்குக் குளிரக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் என் சரக்கிலிருந்தே நல்லதாகப் பார்த்து ஒரு சுவெட்டர் எடுத்துவருவாள். இரண்டு தடித்த கம்பளி கொண்டுவந்து போர்த்தினாள். தலையணை தட்டையாக இருக்கிறதென்று இன்னொரு சுவெட்டரை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தாள். இவ்வளவு பாசத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் நாளுக்கு நாள் நான் மோசமாகிக்கொண்டேதான் போனேன். பக்கத்துக் கட்டிலில் பியதாச மாமா என்று வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர். நல்ல மனிதர், ஆனால் எந்நேரமும் எனக்கு முதுகைக் காட்டியே படுத்திருப்பார். என்னைக் குடிகாரன் என்று நினைக்கிறார் போலும் என்று மனதுக்குள் வருந்தினேன்.

அடுத்தது தேத்தண்ணி. அக்கா பெரிய ஃப்ளாஸ்க் நிறையப் போட்டு வருவாள். தோட்டத்துத் தூள் என்பதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. வார்ட்டில் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பாள். முதல்நாள் எல்லோரும் வாங்கினார்கள். அடுத்தநாள் ஒருவருக்கு வயிறு சரியில்லை, ஒருவருக்கு சீனி வியாதி, ஒருவர் இப்போதுதான் குடித்தாராம். பியதாச மாமா மட்டும் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டாமல் வாங்கி, அக்கா திரும்பியதும் ஜன்னலுக்கு வெளியே ஊற்றுவார். எனக்கு அந்தத் தேத்தண்ணியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, என் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. அக்காவுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. டவுன் குழாய்த் தண்ணியில் மருந்து போடுகிறார்கள், அதுதான் என்று பழியைத் தண்ணீர்மேல் போட்டுவிட்டாள்.

அப்போதுதான் லீவு முடிந்து வேலைக்கு வந்தார் நிலந்தி மிஸ்ஸி. எங்கள் வார்ட்டின் மூத்த நர்ஸ், கொஞ்சம் தமிழும் பேசுவார். அன்று காலை ரவுண்டுக்கு முன் அக்கா அவருக்கும் ஒரு கப் ஊற்றிக் கொடுத்தாள். மிஸ்ஸி ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் பட்ட பாட்டை வார்ட்டே பார்த்தது. எப்படியோ விழுங்கிவிட்டு, அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். “அக்கா, கோவிக்க வேணாம். இதுல பூச்சி உருண்ட வாசம் வருது.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. “டவுன் தண்ணி அப்படித்தான் மிஸ்ஸி, மருந்து போடுறாங்க. எங்க தோட்டத்துல மலையிலேருந்து வாற பீலித் தண்ணில இந்தத் தூளப் போட்டுக் குடிச்சுப் பாருங்க.”

தானும் அதே டவுன் தண்ணியைத்தான் தினமும் குடிப்பதாக மிஸ்ஸி சொன்னார். அந்த நேரம் பார்த்து டொக்டரம்மா ரவுண்டுக்கு வந்தார். மிஸ்ஸி கப்பை அப்படியே அவரிடம் நீட்டினார். டொக்டரம்மா கப்பை மோந்தார். பிறகு குனிந்து என் கம்பளியை மோந்தார். தலைமாட்டுச் சுவெட்டரை இழுத்து மோந்தார். கடைசியில் என் கழுத்துக்கு அருகே வந்து என்னையே மோந்தார். நான் கூச்சத்தில் நெளிந்தேன். அவர் நிமிர்ந்தபோது கண் இரண்டும் மின்னின.

“இந்த தேயிலை எங்க வச்சிருந்தது?” என்று தட்டுத்தடுமாறித் தமிழிலேயே கேட்டார்.

சுவெட்டர் அலுமாரியில் என்றேன். சொல்லும்போதே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தேயிலைத்தூள் எந்த வாசம் பக்கத்தில் இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். இது எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஃபெக்டரிக்குள் வெங்காயம் கொண்டுபோக விடமாட்டார்கள், பூ வைத்துக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த நான், ஈரமில்லாத இடம் என்ற ஒரே காரணத்துக்காகத் தூளைக் கொண்டுபோய் உருண்டை மூட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். நான் மூச்சாக இழுத்ததையெல்லாம் அந்தத் தூளும் இழுத்திருக்கிறது. என்னைச் சோதித்ததில் அகப்படாதது மிஸ்ஸி அதைக் குடித்ததும் அகப்பட்டுவிட்டது.

டொக்டரம்மா படபடவென்று கேள்வி கேட்டார். எத்தனை உருண்டை, எந்த அறை, ஜன்னல் உண்டா, ஹீட்டர் போடுவீர்களா, எங்கே படுப்பீர்கள். தரையில் என்றதும் தலையில் கைவைத்தார். அந்த உருண்டை உருகித் தண்ணீராகாமல் நேராக ஆவியாகும், அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும், ஹீட்டர் வேறு அதைக் கிளப்பிவிட்டிருக்கும் என்றார். சுவெட்டரும் கம்பளியும் உடனே வார்ட்டை விட்டு வெளியே போயின. பியதாச மாமா அன்றுதான் முதன்முதலாக என் பக்கம் திரும்பிப் படுத்தார். இத்தனை நாளும் அவர் முதுகைக் காட்டியது எனக்கில்லை, என் கம்பளிக்கு.

ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, உருண்டை இரண்டை மட்டும் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி எடுத்துவரும்படி அக்காவை அனுப்பினார்கள். அக்கா ஆட்டோவில் போய் ஆட்டோவிலேயே திரும்பி வந்தாள். பிறகு நடந்ததுதான் எனக்கு எப்போது நினைத்தாலும் சிரிப்பும் சிலிர்ப்புமாக வரும். துணிக்கு வைக்கும் உருண்டைகள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒரே சாமான் இல்லையாம். சில நாப்தலீன், சில வேறு, சிலர் கற்பூரமும் வைப்பார்கள். எது என்று தெரிந்தால்தான் உடம்பில் என்ன செய்யும் என்று தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது என்று சொல்லி டொக்டரம்மா இரண்டு கிளாஸ் தண்ணீர் கேட்டார். ஒன்று வெறும் தண்ணீர். மற்றதில் மிஸ்ஸி கரண்டி கரண்டியாக உப்பைப் போட்டுக் கலக்கினார், இனிமேல் கரையாது என்று உப்பு அடியில் தங்கும்வரை.

கோயிலில் கொளுத்துவதற்கு என்று அக்காவின் பேர்ஸில் எப்போதும் கற்பூரம் இருக்கும். அதிலொன்றை வெறும் தண்ணீரில் போட்டார்கள், மிதந்தது. என் உருண்டையைப் போட்டார்கள், மூழ்கியது. அப்படியென்றால் கற்பூரம் இல்லை. இனி உப்புத் தண்ணீர். நாப்தலீன் என்றால் இதில் மிதக்கும் என்றார் டொக்டரம்மா. எழுந்து நிற்க முடிந்தவர்களெல்லாம் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சேலைன் போத்தலோடு ஒருவர் வந்து நின்றார். மிதக்கும் என்றார் ஒருவர், மூழ்கும் என்றார் பியதாச மாமா. டொக்டரம்மா உருண்டையை விட்டார். அது நேராகக் கீழே போய் உப்பின் மேல் உட்கார்ந்தது.

அதன் பெயர் பாராடைக்குளோரோபென்சீன். ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கும், அதில் எதிரெதிராக இரண்டு குளோரின் அணுக்கள் ஒட்டியிருக்கும் என்று டொக்டரம்மா என் பெட்ஷீட்டிலேயே விரலால் வரைந்து காட்டினார். பூச்சியைக் கொல்லும், கழிவறை நாற்றத்தை மறைக்கும். மூடிய அறையில் மாதக்கணக்கில் இழுத்தால் மூளையையும் ஈரலையும் தொடும். தள்ளாட்டம், ஈரல் இரண்டும் அதில் அடங்கிவிட்டன. சிறுநீரைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தால்தான் உறுதி, ஆனாலும் தனக்குச் சந்தேகமில்லை என்றார். மாற்று மருந்து கிடையாது. அதை விட்டு விலகியிருப்பதுதான் மருந்து. உடம்பின் கொழுப்பில் தங்கியிருப்பதால் மெதுவாகத்தான் வெளியேறும், சிலருக்கு முதலில் இன்னும் கூடிவிட்டுத்தான் குறையும், பயப்படவேண்டாம் என்றார்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், பிள்ளையைத் தூக்கலாமா என்று.

தூக்கலாம், நீங்களே நடந்துபோய்த் தூக்கலாம் என்றார். எனக்கு எழுந்து ஆடவேண்டும்போல இருந்தது. ஏற்கெனவே ஆடிக்கொண்டுதானே இருக்கிறாய் என்று யாராவது சொல்வார்கள் என்று அடக்கிக்கொண்டேன். ஆனால் டொக்டரம்மா பேச்சை முடிக்கவில்லை. பிள்ளை வருவதற்குள் வீட்டைக் காலி செய்து காற்றோட்டமாக வைக்கவேண்டும், எந்த வகை உருண்டையானாலும் அதில் கிடந்த துணி பச்சைக் குழந்தையின் மேல் படவே கூடாது, பிறந்த குழந்தையின் ஈரலுக்கு இதைக் கழித்துத்தள்ளத் தெரியாது, இரத்தம் உடைந்து மஞ்சள் காமாலை முற்றிப்போகலாம் என்றார். நான் இதை அக்காவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் அக்கா கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“தம்பி, நேத்து நான் பஸ்ல ஒரு பை போட்டுவிட்டேன்டா. புள்ளைக்கு.”

எங்கள் பக்கம் பஸ்ஸில் ஆள் போகாவிட்டாலும் பை போகும். கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் போதும், அங்கே யாராவது ரோட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள். அக்கா என் சரக்கிலிருந்து சின்னச் சின்னக் கம்பளிக் குல்லா, காலுறை, கழுத்துவரை மூடும் குட்டிச் சுவெட்டர் எல்லாம் தேடியெடுத்து, உடப்புசல்லாவை பஸ்ஸில் அனுப்பியிருக்கிறாள். அத்தை ஆகப்போகிறவளின் முதல் சீர். என்றைக்கு வேண்டுமானாலும் வலி எடுக்கலாம் என்றிருந்த நேரம் அது.

போனை எடுத்தேன். என் விரல் ஒரு எண்ணைத் தொட நினைத்தால் பக்கத்து எண்ணில் போய் விழுந்தது. மூன்று முறை யார் யாருக்கோ போனது. அந்தக் கையை நான் அன்று வெறுத்ததுபோல் என்றும் வெறுத்ததில்லை. மிஸ்ஸி போனைப் பிடுங்கி, எண்ணைக் கேட்டுக் கேட்டு அடித்தார். நிரோஷாவின் போன் வேலை செய்யவில்லை. மாமியார் எடுக்கவில்லை, அவர்கள் லயத்தில் வாசல்படிக்கு வந்தால்தான் சிக்னல் கிடைக்கும். அக்கா கையைக் கூப்பி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டொக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போகாமல் நின்றார். கடைசியில் மாமனார் எடுத்தார்.

“மாப்பிள! நானே எடுக்கணும்னு இருந்தேன். பொம்பளப் புள்ள. காலையில ஆஸ்பத்திரில பொறந்திருச்சு. தாயும் புள்ளயும் சொகம். நான் இப்பதான் மலையேறி வந்தேன்.”

“மாமா, புள்ளைக்கு என்னா சட்ட போட்டிருக்கீங்க?”

மகள் பிறந்த செய்தி கேட்ட தகப்பன் முதலில் கேட்கிற கேள்வியா இது என்று அவர் யோசித்திருக்கவேண்டும். என் குழறலைக் கேட்டு வேறு மாதிரியும் யோசித்திருக்கலாம். மிஸ்ஸி போனை வாங்கி, நிரோஷா இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று கேட்டுக்கொண்டார். எங்கள் ஆஸ்பத்திரிப் போனிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்தார். அங்கிருந்த நர்ஸ் தன் கைப்பேசிக்கு எடுக்கச் சொல்லி, அதைக் கொண்டுபோய் நிரோஷாவின் காதில் வைக்க, நாங்கள் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவள் குரல் களைத்துப்போய், ஆனால் தெளிவாக வந்தது.

“அந்தப் பையா? வாசல்ல தொறந்ததுமே எனக்குக் கொமட்டிருச்சுங்க. வெளிய கொடியில போடச் சொல்லிட்டேன், அங்கதான் மழையில தொங்குது. புள்ளைக்கு எங்கம்மாவோட பழைய நூல் சேலயக் கிழிச்சுச் சுத்தியிருக்கு. ஏன், என்னாச்சு?”

அழுதேன். அக்கா அழுதாள். பியதாச மாமாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனாலும் அவரும் கண்ணைத் துடைத்தார். மசக்கை என்று நான் சிரித்த அந்த மூக்குத்தான் என் மகளைக் காப்பாற்றியது. போனில் அதை மட்டும் எப்படியோ குழறிச் சொன்னேன். “அப்பவே சொன்னேன்ல,” என்றாள் என் மனைவி. இனி ஆயுசுக்கும் இந்த ஒரு வசனத்தைக் கேட்கவேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அதற்குப்பிறகு சில நாட்கள் டொக்டரம்மா சொன்னபடியே மோசமாகத்தான் இருந்தன. கை உதறல் கூடியது, தூக்கத்தில் உளறினேன். பிறகு ஒருநாள் காலை, கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னபோது விரல் மூக்கின் நுனியிலேயே போய் நின்றது. வார்ட்டில் கை தட்டினார்கள். அதற்குள் அக்காவும் வீட்டுக்காரரும் சேர்ந்து மூட்டைகளையெல்லாம் பிரித்து, பின்பக்கத்து வேலியிலும் கொடியிலும் சுவெட்டர்களைக் காற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். என்னைக் குடிகாரன் என்று சொன்ன அதே பக்கத்துக் கடைக்காரர்தான் மழை வந்தால் ஓடிப்போய் எல்லாவற்றையும் அள்ளிவைத்தாராம். தோட்டத்திலிருந்து புதிய தூள் வந்தது. பியதாச மாமா துண்டு வெட்டி வீட்டுக்குப் போகிற அன்று அக்காவின் தேத்தண்ணியை இரண்டு கப் கேட்டு வாங்கிக் குடித்தார். கொழும்பிலிருந்து வந்த சிறுநீர்ப் பரிசோதனையும் டொக்டரம்மா சொன்னதையே சொன்னது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரம் கழித்து, கையில் ஒரு தடியோடு, அக்காவையும் கூட்டிக்கொண்டு உடப்புசல்லாவைக்கு பஸ் ஏறினேன். புதுச் சோப்புப் போட்டுக் குளித்து, வெயிலில் காய்ந்த சட்டை போட்டிருந்தேன். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் படிகளில் அக்கா கைபிடிக்க வந்தபோது வேண்டாம் என்றேன். ஒவ்வொரு படியிலும் வைத்த கால் வைத்த இடத்தில் நின்றது. வாசலில் நிரோஷா பிள்ளையோடு நின்றிருந்தாள். நான் தடியைச் சுவரில் சாத்திவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன்.

அவள் பிள்ளையைத் தரவில்லை. “கிட்ட வாங்க,” என்றாள். என் சட்டைக் கழுத்தைப் பிடித்து மோந்தாள். தோளை மோந்தாள். தலையைக் குனியச் சொல்லி முடியை மோந்தாள். மாமனாரும் மாமியாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் அவசரப்படவில்லை. திருப்தியானபிறகுதான் என் மகளை என் கையில் வைத்தாள்.